உழுவார்க்கு ஒரு பள்ளி

உழவின் பெருமையைப் பேசாத தமிழ்ப் புலவர் அரியர். வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். கம்பர் பெயரால் ஏரைப் பற்றித் தனி நூலொன்று வழங்குகின்றது. பள்ளு நூல்களோ நெல்வகைகளையும் மாட்டுவகைகளையும் அடுக்கி அடுக்கிச் சொல்லிக் களிக்கின்றன. தமிழ்ச் சிறப்பு வகுப்பில் இவற்றையெல்லாம் கற்கின்ற யாம், அப்பெருமையை இன்னும் ஒருமுறை எடுத்தோதுவதற்கு இக்கட்டுரையைத் தொடங்கவில்லை. ஏர் பிடிக்கும் இளைஞன் தனக்கு வேண்டிய பயிற்சியை எங்கே, எப்போது, எவரிடம் பெறுவான் என்னும் வினாவே ஈண்டு எம் பொருள்.

எம் தாய்மாமனார்க்குக் கோவிற்பட்டி வட்டாரத்துக் கரிசற் காட்டில் மூன்று ஏக்கர் மானாவாரி நிலம் உண்டு. புரட்டாசிப் பட்டத்தில் மக்காச்சோளம் விதைப்பதும், ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி அதனை வளர்ப்பதும், தை மாதத்தில் கதிர் ஒடிப்பதும் அவர் வழக்கம். 2018ஆம் ஆண்டில், யாம் ஏழாம் வகுப்பிற் படித்துக்கொண்டிருந்தபோது, அவர் காட்டில் அதுகாறும் எவரும் கண்டிராத புழுவொன்று புகுந்தது. அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட படைப்புழு அது. 2016இல் ஆப்பிரிக்காவிற் காணப்பட்டு, 2018இல் நம் நாட்டிற் கருநாடகத்தில் முதன்முதல் அறியப்பட்டு, அவ்வாண்டே தமிழ்நாட்டு மக்காச்சோளக் காடுகளிலும் பரவியது. மாமா நாற்பதாண்டு உழவர். மேகத்தின் நிறங்கண்டு மழை வரும் பொழுதைச் சொல்ல வல்லவர். ஆயினும் தோகையிற் சுரண்டியது போன்ற வெண்டிட்டுக்கள் தோன்றிய முதல் வாரத்தில் அவர் வாளாவிருந்துவிட்டார். புழு குருத்துக்குட் புகுந்து மரத்தூள் போன்ற எச்சத்தைக் குவித்த பின்னரே, மருந்துக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கி நான்குமுறை தெளித்தார். குருத்தினுள்ளே அடைந்து கிடக்கும் புழுவை மேலே தெளித்த மருந்து என்செய்யும்? அவ்வாண்டு கதிர் ஒடிக்க ஆள் அழைக்க வேண்டிய தேவை அவர்க்கு நேரவில்லை.

உழவுக்குப் பள்ளி எதற்கு, தந்தையிடம் மகன் கற்பதன்றோ முறை என்று பெரியோர் சிலர் கூறுவர். அம்முறையை யாம் இகழ்வோமல்லோம். எந்தப் பட்டத்தில் எதை விதைப்பது, எந்த வயலில் எத்துணை ஆழம் உழுவது என்பனவற்றைத் தந்தையினும் நன்றாகக் கற்பிப்பார் இலர். ஆனால் தந்தையே காணாத பகையை அவர் எவ்வாறு கற்பிப்பார்? தலையிற் கவிழ்த்து வைத்த கவைக்கோல் போன்ற வெண்குறியும், வாற்புறத்தே சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் உடைய புழுவே படைப்புழு என்று அறிந்துகொள்ள ஒருவர்க்கு அரைநாழிகை போதும். அதனை முட்டைப் பருவத்திலேனும் தோகை சுரண்டும் பருவத்திலேனும் தேடிக் கண்டு அடக்க வேண்டும் என்று உணர்த்துவதற்கு ஒரு முற்பகற்பொழுது போதும். அந்த ஒரு முற்பகல் மாமாவுக்குக் கிடைக்கவில்லை.

மாமாவின் முழங்கால் தளர்ந்தபின் நிலம் அத்தான் கைக்கு வந்தது. அவர் மேனிலைப் பள்ளியில் வணிகவியற் பிரிவிற் படித்தவர். ஆதலின் வேளாண்மைப் பட்டப் படிப்பிற்கு விண்ணப்பிக்கும் தகுதியே அவர்க்கு இல்லை. தகுதி இருந்திருப்பினும் நான்காண்டு காலம் நிலத்தை யார் பார்ப்பது? சைதாப்பேட்டையில் ஒரு சிறு பள்ளியாகத் தொடங்கி, 1906இற் கோயம்புத்தூர்க்குப் பெயர்ந்து, 1971இற் பல்கலைக்கழகமாக வளர்ந்த நம் வேளாண்மைக் கல்வியை யாம் குறை கூறவில்லை. நல்ல விதைகளும் நல்ல அறிஞரும் அங்கிருந்து வந்துள்ளனர். எனினும் அப்பட்டம் பெற்றோரிற் பெரும்பாலார் அலுவலராகவும் வங்கிப் பணியாளராகவும் ஆய்வாளராகவும் செல்கின்றனர் என்பதை யாவரும் அறிவர். அது நிலத்தைப் பற்றிக் கற்கும் படிப்பு; நிலத்தில் நிற்பவன் கற்பதற்கு அமைந்த படிப்பன்று. இளைஞர் வேளாண்மைக் கல்வியை நாடுகின்றனர் எனக் கேட்டவுடன், பட்டப் படிப்பில் இடங்களைப் பெருக்குக என்று ஒரு குரல் எழுகின்றது. இடம் பெருகுவதால் அத்தானுக்கு யாதொரு பயனும் இல்லை.

அவர் ஒரு பயிற்சி நிலையத்திற் பெயர் கொடுத்துவிட்டு ஏழு திங்கள் காத்திருந்தார். எந்நிலையம் என்பது ஈண்டு வேண்டா. அழைப்பு வந்தது, மூன்று நாட் பயிற்சி. அது வந்த நேரமோ புரட்டாசியில் முதல் மழை பெய்து மண் ஈரம் பிடித்திருந்த வாரம். கரிசல் மண்ணின் ஈரத்தை நழுவவிட்டவன் அவ்வாண்டையே நழுவவிட்டவன் ஆவான். "மாப்பிள்ளை, மழைக்கு விடுப்புக் கடிதம் எழுதினால் அது ஏற்றுக்கொள்ளுமா?" என்று எம்மைக் கேட்டார். அவர் போகவில்லை. மறு ஆண்டு பங்குனியிற் பிறிதோர் அழைப்பு வந்தது. ஆண்டுக் கணக்கு முடியுமுன் ஒதுக்கிய பணத்தைச் செலவிட்டாக வேண்டுமன்றோ? இம்முறை சென்றார். குளிர்ந்த கூடத்தில் அமர்ந்து, திரையிற் படங்கள் கண்டு, உண்டு, ஒரு கைப்பையும் சான்றிதழும் பெற்று மீண்டார். காட்டிற் பயிரே இல்லாத காலத்திற் பயிர்நோய் பற்றிய பாடம்! புழுவின் படத்தைக் கண்டாரேயன்றி, புழுவைக் கண்டாரில்லை. அச்சான்றிதழ் இன்று அவர் வீட்டுச் சுவரில், சபை நாட்காட்டியின் அருகில் தொங்குகின்றது. அதனைக் காட்டும்போது அவர் சற்றே நகைப்பார்.

இது கற்பிப்போரின் சோம்பலால் நேர்ந்ததன்று. கணக்கைப் பார்க்கும் எவர்க்கும் இது புலனாகும். 2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிற் சாகுபடியாளர் கைப்பற்றுக்கள் 79 இலட்சத்திற்கு மேற்பட்டன. ஒவ்வொன்றின் சராசரி அளவு 0.75 எக்டேர், அஃதாவது இரண்டு ஏக்கரினும் குறைவு. இவர்களுக்கென அமைந்த வேளாண் அறிவியல் நிலையங்களோ மாநிலத்தில் ஏறத்தாழ 30. ஒரு நிலையத்திற்கு இரண்டரை இலட்சம் கைப்பற்றுக்கள் என்று கொள்வோம். ஒவ்வொரு நிலையத்திலும் பாடவாரியாக வல்லுநர் அறுவர். அவர்கள் அயராது உழைத்து ஆண்டுக்கு நூறு பயிற்சிகள், ஒவ்வொன்றிலும் 25 பேருக்கு நடத்துவரெனினும், எல்லார்க்கும் ஒருமுறை பயிற்சி கிடைக்க நூறாண்டு செல்லும். அத்தானின் முறை அவர் பேரனுக்கே வரும்.

அந்நிலையங்கள் தோன்றிய வரலாற்றை நினைவுகூர்தல் நன்று. கோத்தாரி கல்விக் குழு 1964-66 ஆண்டுகளில் உழவர்க்குத் தொழிற்கல்வி வேண்டுமென வற்புறுத்தியது. பின்னர் மோகன் சிங் மேத்தா தலைமையில் அமைந்த குழு அந்நிலையங்களின் அமைப்பை வரைந்தது. முதல் நிலையம் 1974இற் புதுச்சேரியில் நிறுவப்பட்டது. செய்து கற்றலே கல்வி, எல்லார்க்கும் ஒரே பாடத்திட்டம் வேண்டா, எழுத்தறிந்தார்க்கும் அறியார்க்கும் இடமுண்டு என்பனவே அக்காலத்துக் கொள்கைகள். எத்துணைச் சீரிய கொள்கைகள்! ஐம்பதாண்டு கழிந்தபின் கூடமும் திரையும் கைப்பையுமே பயிற்சியென நின்றால், குறை கொள்கையிலன்று. கொள்கையை வயலினின்றும் கூடத்திற்குத் தூக்கி வந்ததிலேயே உள்ளது.

ஆயின் மாற்று வழி யாது? மணிமேகலையிற் சாவகம் என நாம் பயிலும் தீவில் அதற்கு விடை ஒன்று கிடைக்கின்றது. 1980களின் நடுவே இந்தோனேசிய நாட்டு நெல்வயல்களைப் புகையான் பூச்சி பெரிதும் அழித்தது. தெளித்த மருந்துகள் புகையானைத் தின்னும் சிலந்திகளையும் பிற நட்புப் பூச்சிகளையும் கொன்றதனால் அப்பகை மேலும் பெருகிற்று என ஆராய்ச்சியாளர் கண்டனர். 1986இல் அந்நாட்டரசு நெல்லுக்குத் தெளிக்கும் 57 வகை மருந்துகளைத் தடுத்தது. தடுத்துவிட்டால் உழவர் என்செய்வர்? 1989இல் வயற்பள்ளி என்னும் முறை சாவகத் தீவிலே தொடங்கிற்று. ஏறத்தாழ 25 உழவர் ஒரு குழு. வாரம் ஒரு நாள், காலைப் பொழுது மட்டும், ஒரு போகம் முழுவதும் கூடுவர். முதலில் வயலில் இறங்குவர். இத்தனை தூருக்கு இத்தனை பூச்சி, இத்தனை சிலந்தி என்று எண்ணுவர். கரையேறி மரத்தடியிற் கண்டதைத் தாளில் வரைவர். வரைந்ததைக் கொண்டு, இவ்வாரம் தெளிப்பதா வேண்டாவா என்று தமக்குள் வழக்காடித் தாமே முடிவு செய்வர். ஆசிரியர் விடை சொல்வதில்லை. வினாவை மட்டும் திருப்பிக் கேட்பார். பயின்ற உழவரே பின்னர்ப் பயிற்றுநராயினர். பத்தாண்டுக்குள் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் இவ்வாறு கற்றனர்.

இம்முறைக்கும் குறையுண்டு, மறைத்தல் நேர்மையன்று. பயின்றவரின் அறிவு பயிலாத அண்டை வயலார்க்குத் தானே பரவுவது அரிதென்று பின்னர் ஆராய்ந்தோர் சிலர் கூறினர். சிலந்தியை எண்ணிப் பார்த்தவனுக்கு வந்த தெளிவு, அவன் சொல்லக் கேட்டவனுக்கு வருமா? வாராது. ஆனால் இதனால் நாம் கொள்ள வேண்டுவது யாதெனின், ஊருக்கு ஒருவனைப் பயிற்றிவிட்டு ஊரே பயின்றதாகக் கணக்கெழுதுதல் தகாது என்பதே.

வாரம் ஒரு நாள் என்பது நம் நாட்டில் நடவாத காரியம் என்று எவரும் கூற வேண்டா. உரமும் மருந்தும் விற்கும் கடைக்காரர்க்கென ஓராண்டுப் பட்டயப் படிப்பு ஒன்று ஐதராபாத்திலுள்ள தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனத்தால் 2003இல் தொடங்கப்பட்டு இன்றும் நடைபெறுகின்றது. 48 வாரம், வாரம் ஒரு நாள், அதுவும் கடை அடைக்கும் விடுமுறை நாளில்! அவருடைய வாணிகம் கெடாதவாறு எத்துணை அன்போடு திட்டமிட்டிருக்கின்றனர்! அது நல்லதே, மாமாவுக்கு மருந்து எடுத்துக் கொடுத்தவர் அதனைப் பயின்றிருந்தாற் குருத்தடைந்த புழுவுக்கு நான்குமுறை மருந்து விற்றிருக்கமாட்டார் என்று நம்புகின்றோம். ஆனால் விற்பவனுக்கு அவன் ஓய்வு நாளிற் பள்ளி அமைக்க இயன்றதெனின், வாங்குபவனுக்கு அவன் பட்டம் பார்த்து அமைக்க ஏன் இயலாது?

எல்லாப் பாடமும் பயிர்க்காலத்திலேயே நடைபெற வேண்டும் என்பதும் எம் கருத்தன்று. டென்மார்க்கு நாட்டில் 1844இல் தோன்றிய மக்கள் உயர்நிலைப் பள்ளிகள், வயலிற் பனி மூடிக்கிடக்கும் குளிர்காலத்தில் உழவர் வீட்டு இளைஞரை வரவழைத்து உடன் உறையச் செய்து கற்பித்தன. நமக்குப் பனியில்லை, ஆனால் கரிசற் காட்டில் மாசி முதல் ஆவணி வரை வேலை குன்றிய காலம் உண்டு. வரவு செலவுக் கணக்கு, கடன், சந்தை விலை, ஆடு வளர்ப்பு, தேனீ வளர்ப்பு ஆகியவற்றை அப்போது கற்கலாம். பயிரைப் பயிர் நிற்கும்போதே கற்க வேண்டும். இவ்வளவு எளிய வேறுபாட்டை எந்த உழவனும் சொல்வான். அவனைக் கேட்டாற்றானே!

தேனீ என்றவுடன் எம் நினைவு மார்த்தாண்டத்திற்குச் செல்கின்றது. அஃது அந்நாளில் திருவிதாங்கூர் நாட்டைச் சேர்ந்தது. 1920களில் அங்கே கிறித்தவ இளைஞர் சங்கத்தார் ஸ்பென்சர் ஹாட்ச் என்பாரின் தலைமையில் ஊர்ப்புறச் சீரமைப்பு நிலையம் ஒன்றை நடத்தினர். கோழி, பசு, தேனீ, நெசவு எனச் சிறு தொழில்களைச் செய்துகாட்டிப் பயிற்றினர். அதற்கு முன்னரே, 1911 முதல் 1917 வரை, நியூட்டன் என்னும் குருவானவர் நம் நாட்டு இந்தியத் தேனீக்கு ஏற்ற பெட்டியைச் சமைத்து ஊர்மக்களைப் பயிற்றியிருந்தார். இன்றும் நியூட்டன் பெட்டி என்ற பெயர் மறையவில்லை. மார்த்தாண்டத்திற் கற்றோர் பெரும் பட்டதாரிகள் அல்லர். மரத்தடியிற் பெட்டியைத் திறந்து கொட்டு வாங்கிக் கற்றவர். 1991-92 ஆண்டுகளில் தாய்லாந்துப் பைநோய் என்னும் நச்சுயிரி நோய் தென்னாட்டுத் தேனீக் கூட்டங்களிற் பெரும்பாலானவற்றை அழித்தது. தொழில் அத்துடன் முடிந்திருக்கும், முடியவில்லை. எஞ்சிய கூட்டங்களைக் கொண்டு மீண்டும் பெருக்கினர். 2023இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரு தலைமுறை செய்து கற்றதை அடுத்த தலைமுறை வீட்டு முற்றத்திலேயே கற்றுக்கொண்டது. நூறாண்டாகியும் அப்பயிற்சி அழியாமைக்குக் காரணம், அது கற்பவன் வாயிலுக்குச் சென்றதே என்பது எம் துணிபு.

பெண்களைப் பற்றி ஒரு சொல். இளம் உழவர் என்றவுடன் மீசை முளைத்த இளைஞனையே நம் மனம் கற்பிக்கின்றது. களை பறிப்பவள் யார்? விதை பொறுக்குபவள் யார்? தோகையில் வெண்டிட்டை முதலிற் காணக்கூடியவள், குனிந்து களை எடுப்பவளேயன்றி வரப்பில் நிற்பவன் அல்லன். அத்தை அதனைக் கண்டும் இருந்தார். என்னவென்று அறியாமையின் சொல்லாதிருந்துவிட்டார். வீட்டையும் கன்று காலிகளையும் விட்டு மூன்றிரவு வெளியூரிற் றங்கிப் பயில அவரால் இயலுமா? பட்டா தம் பெயரில் இல்லாத ஒருவர் தம்மை உழவரென்று சொல்லிப் பெயர் கொடுக்கத் துணிவாரா? ஊர்ப்புறத்து வயலில் வாரம் ஒரு காலைப் பொழுதெனின் அத்தையும் வருவார், அண்டை வீட்டாரும் வருவார்.

இனி எம் துறையைச் சார்ந்த குறை ஒன்று. அத்தான் கொண்டுவந்த கைப்பையிற் சில துண்டறிக்கைகள் இருந்தன. அவை தமிழெழுத்தில் இருந்தன என்பதன்றித் தமிழாய் இருந்தன எனக் கூறுதற்கில்லை. உழவர் தம் பயிரின் ஒவ்வொரு பருவத்திற்கும் அழகிய சொல் வைத்துள்ளனர். நெல் தூர் கட்டும், தண்டு உருளும், சூல் கொள்ளும், பால் பிடிக்கும். மண்ணுக்குக் களர் என்றும் உவர் என்றும் வேறுபாடு அறிவர். இவற்றை விடுத்து, இனப்பெருக்கப் பருவத்தின் தொடக்க நிலையில் மேலாண்மை உத்திகளைக் கடைப்பிடிக்க என்று எழுதினால் யாருக்கு விளங்கும்? தமிழ்ச் சிறப்பு வகுப்பினராகிய எமக்கே இருமுறை படிக்க வேண்டியதாயிற்று. மாமா முதல் வரியிலேயே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

இதில் நம் கல்லூரி செய்யக்கூடுவது ஏதேனும் உண்டா? உண்டென்று கருதுகின்றோம். மிஷன் கல்லூரி ஒன்றிற் பொருளியல் கற்பித்த ஆசிரியர் ஒருவர், தாம் கற்பிப்பதற்கும் ஊரிலுள்ள வறுமைக்கும் தொடர்பில்லாமை கண்டு வருந்தி, தாமே மீண்டும் மாணவராகி அமெரிக்காவில் வேளாண்மை பயின்று வந்தார். இன்று பிரயாகராஜ் எனப்படும் அலகாபாதில், யமுனைக் கரையில், 1910இல் தோன்றிய வேளாண்மைக் கழகம் சாம் ஹிக்கின்பாட்டம் என்னும் அவருடைய முயற்சியின் பயனே. நம் ஆசிரியர் எவரையும் அவ்வாறு பணியை விட்டுச் செல்க என யாம் வேண்டவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் எம் தேர்வு என்னாவது?

யாம் வேண்டுவது சிறிது. 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தின்கீழ், ஆண்டுதோறும் ஏழு நாள் முகாமுக்காக மாணவர் ஊர்களுக்குச் செல்கின்றனர். தெருப் பெருக்குகிறோம், மரக்கன்று நடுகிறோம், நிழற்படம் எடுத்துக்கொள்கிறோம். சென்ற ஆண்டு யாம் நட்ட கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றியவர் யாரென்று கேட்க எமக்கே நாணமாயிருக்கின்றது. அவ்வேழு நாளையும் ஒருசேரக் கழிக்காமல், விதிமுறை இடந்தந்தால், ஒரு போகத்தின்மேற் பரப்பி, சனிக்கிழமைதோறும் ஓர் ஊருக்குச் செல்லலாகாதா? விலங்கியல் மாணவர் பூச்சியை இனங்காட்டட்டும். தாவரவியல் மாணவர் நோயைக் காட்டட்டும். தமிழ் மாணவராகிய யாம் உழவர் வாய்ச்சொற்களைத் தொகுத்து, அவர் மொழியிலேயே ஒற்றைத் தாளிற் பாடம் எழுதித் தருவோம். வேளாண்மைப் பட்டம் பெற்று வேலைக்குக் காத்திருக்கும் நம் பழைய நண்பர் சிலரும் உடன்வர இசைவர். எங்களால் உழவர்க்கு எதனையும் கற்பிக்க இயலும் என்ற செருக்கு எமக்கில்லை. வாரந்தோறும் கூடுவதற்கு ஒரு காரணத்தையும், எண்ணிப் பார்க்கும் பழக்கத்தையும் கொண்டுசென்றாற் போதும். எஞ்சியதை வயல் கற்பிக்கும்.

இக்கருத்தை அத்தானிடம் உரைத்தோம். அவர் உடனே மகிழ்ந்துவிடவில்லை. எத்தனை சனிக்கிழமை வருவீர்கள் என்று கேட்டார். பன்னிரண்டு என்றோம். தேர்வு வந்தால்? அதற்கு எம்மிடம் விடையில்லை; ஆயினும் தேர்வு நடைபெறும் வாரத்திற் பழைய மாணவர் ஒருவர் வர இசைந்துள்ளார். அத்தானும் தம் ஊரில் ஒன்பது பேரைச் சேர்த்திருக்கின்றார். அவருள் நால்வர் பெண்கள். வரும் புரட்டாசியில் விதைத்த பத்தாம் நாள் முதற் கூட்டம். கைப்பை எதுவும் வேண்டா, பூச்சியைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி ஒன்று மட்டும் மறவாமற் கொண்டுவருக என்று சொல்லியனுப்பியிருக்கின்றார்.